கேட்டு எழுதிய கணக்கு எங்கே போகிறது?

அடையாற்றங்கரையிலோ கூவம் கரையிலோ உள்ள ஒரு குடியிருப்புக்குள் கையில் படிவத்துடன் ஒருவர் நுழைந்தால், முதல் கேள்வியை அவர் கேட்பதில்லை. "எதுக்கு சார் எழுதுறீங்க? வீடு குடுக்கவா, காலி பண்ணவா?" என்று அங்கிருப்பவர்கள் அவரைக் கேட்டுவிடுவார்கள். அதில் கோபம் இருக்காது. பெயரைச் சொல்வதற்கு முன் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துகொள்ளும் எச்சரிக்கை இருக்கும். கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள், பின்னாலேயே லாரி வந்தது என்ற கதை இந்தக் கரைகளில் வீட்டுக்கு ஒன்று உண்டு. 2000-இல் கண்ணகி நகர் உருவானபோதும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி நிரம்பியபோதும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டபோதும் கணக்கெடுப்பு அவர்களுக்கு வெளியேற்றத்தின் முதல் படியாகவே அறிமுகமானது.

அதே நகரத்தின் இன்னொரு பக்கத்தில் சர்வேக்கு வேறு முகம். கைபேசிக்கு ஓர் இணைப்பு வரும். உங்கள் நகரம் எப்படி இருக்கிறது, குப்பை அள்ளுகிறார்களா, பூங்கா திருப்தியா என்று கேட்கும். ஓடிபியைத் தட்டி, நான்கு நட்சத்திரமோ ஐந்து நட்சத்திரமோ கொடுத்துவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நம் தெருவைப் பற்றி நாம் சொன்னது என்ன ஆயிற்று என்று ஒருவரும் நமக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஏழைகளை இடம் மாற்றுவதற்கு ஒரு கணக்கு, நடுத்தர வர்க்கத்திடம் மதிப்பெண் வாங்குவதற்கு இன்னொரு கணக்கு. இரண்டிலும் தகவல் ஒரே திசையில்தான் ஓடுகிறது: தெருவிலிருந்து அலுவலகத்துக்கு. நகரவாசிகளைக் கேட்காமலே திட்டம் போடுகிறார்கள் என்று பொதுவாகக் குறைப்படுகிறோம். உண்மையில் கேட்பதற்குப் பஞ்சமே இல்லை. எழுதிக்கொண்டு போன கணக்கு எழுதிய தெருவுக்கே திரும்பி வந்து, அங்கே எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டு, விடுபட்டது சேர்க்கப்பட்டு, தப்பாக ஏறியது திருத்தப்படும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. அது இல்லாதவரை எத்தனை சர்வே எடுத்தாலும் சமூக மேம்பாடு என்ற சொல் கோப்பின் மேலட்டையில்தான் இருக்கும்.

ஒரு பட்டியலுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதற்குச் சென்னையே சாட்சி. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. நகரம் முழுக்கக் கணக்கெடுத்து 1,202 இடங்களைக் குடிசைப் பகுதிகளாகப் பட்டியலிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை, பாராட்டத்தான் வேண்டும். 1985-இல் இன்னும் 17 இடங்கள் சேர்ந்தன. அத்தோடு பேனாவை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஓர் இடம்கூடச் சேரவில்லை. நகரமோ நிற்கவில்லை. 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 200 ஆயின. அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழைய எல்லைக்குள் மட்டும் 13.42 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாகச் சொன்னது. நூற்றுக்கு 29 பேர்.

பட்டியலில் இருக்கும் இடத்துக்கு 'அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதி' என்று பெயர். சட்டத்தின் பாதுகாப்பும், குழாய், கழிவறை, தெருவிளக்கு கேட்கும் உரிமையும் அந்தப் பெயரோடு வருகின்றன. பட்டியலில் ஏறாத இடத்தின் பெயர் 'ஆக்கிரமிப்பு'. இரண்டு இடங்களுக்கும் நடுவே சில நேரம் ஒரு கால்வாய்தான் இருக்கும். ஒரே கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஒரே ரேஷன் கடையில் நிற்கிறவர்கள், 1985-க்கு முன்னால் குடிவந்தார்களா, பின்னால் வந்தார்களா, அப்போது யாராவது வந்து எழுதினார்களா என்பதை வைத்து இரு வேறு குடிமக்களாகிவிடுகிறார்கள். 2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நல்ல பெயர்தான். பெயர்ப்பலகையில் காட்டிய அக்கறையைப் பட்டியலிலும் காட்டியிருக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடினால் மும்பைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1985 ஜூலை 10 அன்று மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலையிழந்து 1961-இல் மும்பைக்குப் பிழைக்கப் போனவர். பிழைப்புக்கான வழியும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதனால்தான் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதே தீர்ப்பு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 1976-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெயர் இருந்தவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. ஆக, உயிர்வாழும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. படுக்க இடம், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த கணக்கில் ஏறியவர்களுக்குத்தான். நடைபாதைவாசிகளில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் இல்லை. குடிசைப் பகுதியை எண்ண வந்தவர்கள் நடைபாதையை எண்ணவில்லை.

அந்த ஆண்டில்தான் பைகுல்லா வட்டாரத்தில் ஒரு வேலை நடந்தது. முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த ஸ்பார்க் என்ற அமைப்பும் நடைபாதையில் வாழ்ந்த பெண்களும் சேர்ந்து தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 6,000 குடும்பங்கள். 'வீ, தி இன்விசிபிள்' என்ற பெயரில் அது அறிக்கையாக வந்தது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன வேலை, எவ்வளவு கூலி, வேலைக்கு எப்படிப் போகிறார்கள். பெரும்பாலும் நடந்துதான் போகிறார்கள் என்பதும் அதில் பதிவானது. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணத் தகவல். நடைபாதையில் ஏன் படுக்கிறார்கள் என்பதற்கான முழு விடையும் அதற்குள் இருக்கிறது. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தாக வேண்டும். பஸ் செலவு போக மிஞ்சும் கூலியில் குடும்பம் நடத்த முடியாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி இலவசமாக வீடே கொடுத்தாலும் அந்தக் கணக்கு உதைக்கும். சென்னையில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட வீட்டு வேலைக்காரப் பெண்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். அவர்களை அனுப்புவதற்கு முன் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

தங்களைத் தாங்களே கணக்கெடுக்கும் இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். இளம் வயதில் மும்பைக்குப் போனவர், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியில் வாழ்ந்தார். அந்தக் காலனி 1976-இல் இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். இடிப்பை நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்த்துத் தோற்ற அனுபவத்திலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: அதிகாரிகளிடம் பேசப் போகும்போது அவர்களிடம் இல்லாத கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அவரது தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பிறகு அதையே தன் நடைமுறையாக்கிக்கொண்டது. 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-இல் மறைந்தார். ஆப்பிரிக்க நகரங்கள் வரை இந்தக் கணக்கெடுப்பு முறை போயிருக்கிறது. சென்னையில் அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கூட்டமைப்பினர் செய்த முறையில் நுணுக்கம் இருக்கிறது. முதலில் குடியிருப்பைச் சுற்றி நடப்பார்கள். சாக்கட்டியால் ஒவ்வொரு குடிசைக்கும் நம்பர் போடுவார்கள். அழகாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லாமல், சந்துபொந்துகளையும் குழாயடியையும் கோயிலையும் காட்டும் ஒரு கைவரைபடம் போடுவார்கள். பிறகு வீடு வீடாக எழுதுவார்கள். எழுதி முடித்ததும் அந்தப் பட்டியலை அங்கேயே எல்லோர் முன்னும் வைப்பார்கள். "அந்த வீட்டில ரெண்டு குடும்பம் இருக்கு, ஒண்ணுதான் எழுதியிருக்கீங்க" என்று ஒருவர் சொல்வார். "அவர் இங்கே இல்லவே இல்லையே, வாடகைக்கு விட்டுட்டு வேற இடத்துல இருக்காரே" என்று இன்னொருவர் சொல்வார். சண்டைகூட வரும். அந்தச் சண்டையில்தான் கணக்கு சுத்தமாகும். எந்த அதிகாரியும் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாத போலிப் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பின்னாளில் ரயில் பாதையோரக் குடிசைகளைக் கணக்கெடுக்க மகாராஷ்டிர அரசே இவர்களைச் சேர்த்துக்கொண்டது இரக்கத்தால் நடந்ததாகத் தெரியவில்லை. கணக்கு சரியாக இருந்ததால் நடந்தது.

இப்போது நம் ஊர்ப் படிவத்துக்கு வருவோம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஆறாவது மாடி. "வீட்டில் குழாய் இருக்கா?" இருக்கிறது. ஒரு டிக். "கழிவறை?" இருக்கிறது. இன்னொரு டிக். மோட்டார் பழுதானால் மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பதற்குக் கட்டம் கிடையாது. லிஃப்ட் நின்றுபோன நாளில் கீழேயிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் ஏறும் என்பதற்கும் கட்டம் கிடையாது. அந்த வீட்டுப் பெண் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருப்பது சமையலுக்காக அல்ல, தண்ணீருக்காக என்பது அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும், தாளுக்குத் தெரியாது. எழுதிக்கொண்டவர் பொய் எழுதவில்லை. சொன்னவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு டிக்கும் உண்மை, இரண்டாலும் பயனில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் குடிநீரைப் பற்றிக் கேட்டது. எங்கிருந்து வருகிறது, வீட்டிலேயா, அருகிலா, தொலைவிலா. நகரத்தில் 100 மீட்டருக்கு மேல் போனால் தொலைவு. எத்தனை மணிக்கு வருகிறது என்று அது கேட்கவில்லை. நாடு முழுக்க எண்ணுகிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் சென்னையில் தண்ணீர்ப் பிரச்சினை என்றால் முக்கால் பங்கு நேரப் பிரச்சினை. லாரி எப்போது வரும், மெட்ரோ வாட்டர் எத்தனை நிமிடம் வரும், அப்போது வீட்டில் யார் இருப்பார்கள். இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தான் தோன்றும். கேள்வித்தாள் தயாரிக்கும்போதே அவர் உடன் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, பூட்டிய கதவு. கணக்கெடுப்பவர் பெரும்பாலும் காலை பத்தரை, பதினொரு மணிக்கு வருவார். பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ ஒப்பந்தத்தில் எடுத்த கல்லூரி மாணவராகவோ இருப்பார். சொந்த வேலையோடு இந்த வேலையும் தலையில் விழுந்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கும் இருக்கும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், சித்தாள்கள் போயிருப்பார்கள், இரவு செக்யூரிட்டி வேலை பார்த்தவர் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். படிவத்தில் 'கதவு பூட்டியிருந்தது' என்று ஏறும். மூன்று முறை அப்படி ஏறினால் அந்த வீட்டில் யாருமில்லை என்று ஆகிவிடும். உழைக்கிறவர்கள் அதிகமாக இருக்கும் குடியிருப்பில்தான் பூட்டிய கதவுகளும் அதிகம். ஆக, அதிகம் உழைக்கிறவர் முதலில் விடுபடுகிறார். மாலை ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ போனால் தீரக்கூடிய விஷயம் இது. ஆனால் அலுவலக நேரம் ஒப்புக்கொள்ளாது.

திருமணமான மகனோ மகளோ அதே கூரைக்குள் தனி அடுப்பு வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டு ஒன்றுதான். படிவத்தில் குடும்பத் தலைவர் ஒருவர்தான். வீடு ஒதுக்கும்போது ஒரு அலாட்மென்ட் ஆர்டர்தான் வரும். வாடகைக்கு இருப்பவர் கதை இதைவிட மோசம். அவர் அங்கு இருந்ததற்கே தாள் இருக்காது.

நகரத்தைத் திருத்துவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்துக்கு வந்து இதைச் சொன்னார். அவர் அனுப்பிய நகரத் திட்டக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை 1914-இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது; சென்னைத் துறைமுகத்தைச் சுட்டுவிட்டுப் போன அதே எம்டன்தான். புதிதாகப் பொருள்களைச் சேர்த்து அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடத்தினார்கள். பிறகு கெடிஸ் மாகாணத்தின் நகரங்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்த நெரிசலான தெருக்களை இடித்து நேராக்க அதிகாரிகள் போட்ட திட்டத்தை அவர் ஏற்கவில்லை. சந்து சந்தாக நடந்து பார்த்து, எந்த வீட்டைத் தொடாமல் எந்தப் பாழிடத்தைத் திறந்தால் காற்று வரும் என்று பார்த்துச் செய்யச் சொன்னார். பொறியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிராமங்களைப் பொறுத்தவரை நம் மரபு கொஞ்சம் மேல்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார்; அந்தக் கிராமங்களில் சிலவற்றை இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் போய்ப் பார்த்தார்கள். நகரத் தெருக்களை அப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கும் பழக்கம் வேரூன்றவே இல்லை.

சர்வேயின் முடிவைப் பகிரங்கமாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெங்களூர் நல்ல எடுத்துக்காட்டு. சாமுவேல் பால் என்ற பொருளியல் அறிஞரின் முன்முயற்சியில் 1994-இல் அந்நகரத்துக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் வெளியானது. ஏறக்குறைய 1,100 வீடுகளில் கேட்டார்கள். நடுத்தரக் குடும்பங்களைத் தனியாகவும் குடிசைப் பகுதிகளைத் தனியாகவும் கேட்டார்கள். உங்கள் தெருவில் குழாய் இருக்கிறதா என்று கேட்கவில்லை. குறை சொல்லப் போனீர்களா, எத்தனை முறை அலைந்தீர்கள், அதிகாரி மதித்துப் பேசினாரா, கை நீட்டினாரா என்று கேட்டார்கள். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் திருப்தி என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர். மாநகராட்சிக்கு ஐந்து பேர். செய்தித்தாள்கள் வாரத்துக்கு ஒரு துறையாக எடுத்து எழுதின. தலைவர்களும் அதிகாரிகளும் எரிச்சலடைந்தார்கள். சிலர் சாமுவேல் பாலின் குழுவைக் கூப்பிட்டு எங்கே ஓட்டை என்று கேட்கவும் செய்தார்கள். 1999-இல் திரும்பக் கேட்டபோது பெரிய மாற்றம் இல்லை. 2003-இல் மூன்றாம் முறை கேட்டபோது பல துறைகள் வெகுவாக ஏறியிருந்தன. மதிப்பெண் போட்டதால் மட்டுமே ஏறியது என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டுகளில் அந்நகரத்தில் பணமும் அரசியல் கவனமும் கொட்டின. ஆனால் அதே கேள்வி மறுபடியும் வரும் என்று தெரிந்த அதிகாரியும், ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரிந்த அதிகாரியும் ஒரே மாதிரி வேலை செய்யமாட்டார்கள்.

மத்திய அரசின் வாழ்வதற்கு எளிதான நகரங்கள் குறியீட்டையும் இதனுடன் வைத்துப் பார்க்கலாம். 2020-க்கான பட்டியல் 2021 மார்ச்சில் வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூர் முதலிடம், சென்னை நான்காமிடம், கோயம்புத்தூர் ஏழாமிடம். மக்கள் கருத்துக்கு 30 சதவீத மதிப்பு. 111 நகரங்களில் 32.2 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். பெங்களூர் 1994-இல் கேட்டதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய எண்ணிக்கை! ஆனால் அறிக்கையில் வந்தது நகரத்துக்கு ஒரு மதிப்பெண். வியாசர்பாடிக்கு எவ்வளவு, பெசன்ட் நகருக்கு எவ்வளவு என்பதல்லவா மாநகராட்சிக்குத் தேவையான செய்தி? சென்னையின் நான்காமிடத்தை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் எந்தக் குழாயை மாற்றுவது?

திருப்தி என்ற கேள்வியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கருத்துக்கணிப்பு நடந்தது 2020 ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்கு ஆறேழு மாதம் முன்புதான் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த 2019 கோடையைக் கடந்தவரிடம் ஜனவரியில் குடிநீர் திருப்தியா என்று கேட்டால், குழாயில் ஏதோ வருவதே பெரிய திருப்தியாக இருக்கும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாழப் பழகியவர்கள் நல்ல மதிப்பெண் போடுவார்கள். வசதியானவர்கள்தான் குறை சொல்வார்கள். இப்படி வந்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பணம் ஒதுக்கினால் பணம் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சர்வேக்குச் சட்டத்தின் பலம் கொடுத்த இடமும் ஒன்று உண்டு. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம், எல்லா வியாபாரிகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்கச் சொல்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது இங்கே கணக்கெடுப்பு முதலில் கேடயம். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம் அப்புறம். சட்டத்தின் எழுத்து அப்படி. நடைமுறையில், காலையில் எடுத்த கணக்கில் சாயங்காலம் மட்டும் கடை போடும் பஜ்ஜிக்காரம்மா விடுபடுவார். கோயில் வாசலில் செவ்வாய், வெள்ளி மட்டும் பூ விற்பவர் விடுபடுவார். பிரதிநிதிகள் உயிரோட்டமாக இயங்கும் குழுவாக இருந்தால், வரைவுப் பட்டியலைப் பார்த்ததுமே இவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

தெருவுக்குக் கணக்கைத் திருப்பிக் கொண்டுவர ஓர் இடம் வேண்டுமே? அது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வர 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள், பகுதிக்கு ஒரு சபை. கிராமத்துக்கு ஆண்டுக்கு ஆறு கிராமசபை என்பது தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவரை எழுந்து நின்று கேள்வி கேட்பது எப்படி என்று கிராமத்துப் பெண்களுக்குத் தெரியும். நகரத்துக்காரருக்குத் தன் பகுதி சபை எங்கே கூடுகிறது என்பதே தெரியாது.

என் கோரிக்கை பெரியதல்ல. நகரத்துக்குள் எந்தத் துறை சர்வே எடுத்தாலும், கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போவதற்கு முன் அந்தந்தப் பகுதி சபையில் அதன் தொகுப்பைப் படிக்க வேண்டும். இத்தனை வீடுகளில் எழுதினோம், இத்தனை பூட்டியிருந்தன, இன்னின்ன குறை வந்தது என்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தான் சொன்னதன் நகல் கையில் கிடைக்க வேண்டும். இன்று டேப்லெட்டில் தட்டி எழுதுகிறார்கள். சொன்னது ஒன்று ஏறியது ஒன்றாக இருந்தாலும் சொன்னவருக்குத் தெரிய வழியில்லை. ஆதார் எண், கைரேகை எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்காமல் போவது எந்த ஊர் நியாயம்? தனி மனிதர் விவரம் அவரவர் கையோடு இருக்கட்டும். கூட்டத்தில் படிக்க வேண்டியது தொகையும் விடுபட்ட கதவு எண்களும் மட்டும்.

இதற்கு மாநகராட்சிப் பொறியாளர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும்: மக்களைக் கேட்டால் ஆளுக்கொன்று கேட்பார்கள், கூட்டம் போட்டால் சத்தம் போடுகிறவர் சொல்வதுதான் எடுபடும். இரண்டாவது பாதி உண்மை. பகுதி சபை கூடினால் அடுக்குமாடி நலச்சங்கச் செயலாளர் கோரிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவருவார். எதிர்ச்சந்திலிருந்து வந்த பெண் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெண்ணின் பதில் சர்வேயில் இருக்கும். கூட்டத்தில் பேசாதவரைச் சர்வே பிடிக்கும். சர்வே கேட்க மறந்ததைக் கூட்டம் பிடிக்கும். இன்று இரண்டும் தனித்தனியே நடக்கின்றன, ஒன்று நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாமல். சத்தம் போடுகிறவரின் கோரிக்கைக்குப் பக்கத்தில் அந்தப் பகுதியின் 600 வீடுகள் சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள், பூங்காவுக்கு நடைபாதைக் கல் பதிப்பதா, சந்துக்குச் சாக்கடை போடுவதா என்ற விவாதமே மாறிப்போகும்.

ஆளுக்கொன்று கேட்பார்கள் என்பது முதல் பாதி. கேட்கட்டுமே. அதற்குத்தானே போகிறோம்?

தள்ளித் தள்ளி வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. அதன் வார்டு வாரியான விவரம் அச்சாகி மாநகராட்சியின் மேசைக்கு வந்து சேர இன்னும் காலமாகும். அதுவரை 2011-ஐ வைத்தே ஓட்டுவது பெரும்பாலான துறைகளுக்கு வசதி. புதிய கணக்கு இருந்தால் புதிய பொறுப்பும் வரும். கவுன்சிலர்கள் பலருக்கும் பகுதி சபையில் ஆர்வமில்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். உறுப்பினர்களை நியமிப்பது மன்றம். யாருக்குக் குழாய் வந்தது, யாருக்கு வரவில்லை என்ற பட்டியல் தெருவில் எல்லோர் கையிலும் இருந்தால், தன் சிபாரிசால் வந்தது என்று எதையும் சொல்லிக்கொள்ள முடியாது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் என்றால் மட்டும் பட்டியலைக் கேட்பார். ஆளுங்கட்சிக்கு மாறியதும் மறந்துவிடுவார். இது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்.

அதனால் கவுன்சிலரின் நல்ல மனத்தை நம்பி இதை விட முடியாது. விதியிலேயே எழுத வேண்டும். 2022 விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்: பகுதி சபையில் படிக்கப்படாத எந்தக் கணக்கெடுப்பையும் காட்டி ஒரு குடும்பத்தை இடம் மாற்றவோ, ஒரு கடையை அகற்றவோ, ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கவோ கூடாது. குடிசைப் பகுதிகளின் பட்டியலுக்கும் இதே விதியைப் பொருத்தலாம். 1971-இல் கணினி கிடையாது. அப்போதே நகரம் முழுக்க நடந்து 1,202 இடங்களை எழுதினார்கள். 1985-க்குப் பின் உருவான இடங்களை எழுத ஒரு வார்டுக்கு ஒரு மாதம்கூட ஆகாது. வாரியம் அதற்கு ஆளில்லை என்று சொன்னால், அந்தந்தக் குடியிருப்பில் பத்தாவது படித்த பெண்கள் இருக்கிறார்கள். மும்பையில் படிக்காத பெண்களே செய்தார்கள்.